மட்டக்களப்பிலிருந்து ஒரு கிட் ரேடியோ: லைசன்ஸ் முதல் பழுது பார்ப்பது வரை

உதிரிச் சாமான்களாக வரும் கிட் ஒன்றை வாங்கி நான் கட்டிய அமெச்சூர் ரேடியோவில் (பொழுதுபோக்காகத் தனியாட்கள் அனுப்பவும் கேட்கவும் பாவிப்பது) முதல் மோர்ஸ் சத்தம் கேட்க, காசு கட்டிய நாளிலிருந்து ஒன்பது மாதம் ஆனது. அதில் ஈயமும் கையுமாக இருந்த நேரம் மொத்தம் பதினைந்து மணித்தியாலம்தான். மற்றதெல்லாம் வரிசை மாற்றிச் செய்ததால் போன காலம். முதலில் ஓடர் போட்டேன், பிறகுதான் இறக்குமதிக்குக் கடிதம் வேண்டும் என்று தெரிந்தது. அன்ரெனா இல்லாமலே மோர்ஸ் அடிக்கும் கீயை அழுத்தி மூன்று ட்ரான்சிஸ்டரை எரித்தேன். இரண்டு கிழமை ஐசியில் பிழை தேடினேன், பிழை ஒரு செப்புக் கம்பியின் நுனியில் இருந்தது. கிழக்கில் இதைக் கேட்டுப் படிக்கப் பக்கத்தில் ஆள் கிடைப்பது கஷ்டம். அதனால்தான் இதை எழுதுகிறேன். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. எந்தக் கிட், எந்த பாண்ட்

நான் கட்டியது கியூஆர்பி லாப்ஸின் கியூசிஎக்ஸ் மினி. ஒரே ஒரு பாண்ட் (அலைவரிசைப் பட்டை), மோர்ஸ் மட்டும், சுமார் 5 வாட். குரலில் பேச வேண்டும் என்றால் இது உங்களுக்கானதல்ல. ஹைதராபாத்திலிருந்து வரும் மைக்ரோ பிட்எக்ஸைப் பாருங்கள், அதில் பலகை பெரும்பாலும் கட்டியே வரும். உள்ளே என்ன நடக்கிறது என்று கையால் தொட்டுப் படிக்க விருப்பமானவருக்கு மினிதான் நல்லது. சின்னச் சின்னச் சாமான்களைத் தொழிற்சாலையிலேயே பலகையில் ஒட்டி அனுப்புகிறார்கள், நமக்கு மிஞ்சுவது சுருள்கள், வெளியீட்டு ட்ரான்சிஸ்டர்கள், கனெக்டர்கள், பெரிய கொண்டன்சர்கள்.

ஓடர் போடும்போதே பாண்டைச் சொல்ல வேண்டும். முதல் ரேடியோ என்றால் 40 மீற்றர், அதாவது 7 மெகாஹேர்ட்ஸ் பாண்ட் எடுங்கள். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு நேர்கோட்டில் ஏறக்குறைய 220 கிலோமீற்றர். நாம் பூமியின் காந்த மத்தியரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால், பகலில் 7 மெகாஹேர்ட்ஸ் அலை நேரே மேலே போய்த் திரும்பி நாட்டுக்குள்ளேயே விழும். இருட்டின பிறகு இந்தியா, தென்கிழக்காசியா எல்லாம் அதே பாண்டில் வரும். 20 மீற்றர் பாண்ட் தூரத்துக்கு நல்லது, ஆனால் கொழும்பில் இருப்பவரோடு அதில் பேசுவது பெரும்பாலும் நடக்காது.

2. லைசன்ஸ் கையில் வந்த பிறகு மட்டும் அடுத்த படி

1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி அனுப்பும் கருவி வைத்திருக்கவே அனுமதி வேண்டும். பாவிக்காமல் அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன் என்று சொல்லித் தப்ப முடியாது. அனுமதி தருவது இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தையில் இருக்கிறது. பரீட்சை எழுதித் தேறி, உங்களுக்கென்று ஒரு அழைப்புக் குறி வாங்க வேண்டும். நம் நாட்டுக் குறிகள் 4எஸ் என்று தொடங்கும், அதிகம் கேட்பது 4எஸ்7.

பரீட்சைத் திகதியையும் அப்போதைய கட்டணத்தையும் ஆணைக்குழுவிடமே தொலைபேசியில் கேளுங்கள், பழைய தாள்களையும் மற்றவர் சொல்வதையும் நம்பிப் போகாதீர்கள். இலங்கை வானொலிச் சங்கத்தில் சேர்ந்தால் படிக்கவும் கேட்கவும் ஆள் கிடைக்கும், தமிழில் எழுதிக் கேட்டாலும் உதவி செய்பவர்கள் உண்டு. இரவு பஸ்ஸில் ஏறிக் காலையில் இறங்கி ஒரே நாளில் வேலையை முடிக்க வேண்டும் என்றால், வெளிக்கிட முதல் நாள் போன் பண்ணி உரிய அலுவலர் இருக்கிறாரா என்று கேட்டு விடுங்கள். நான் கேட்காமல் போய் ஒரு தடவை வெறுங்கையோடு திரும்பினேன்.

ஒரு ஃபைல் போடுங்கள். நான் வைத்திருப்பது: தேசிய அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு, லைசன்ஸ், ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி. ரேடியோவைப் பையில் வைத்துப் பயணம் போகும்போது லைசன்ஸ் பிரதி ஒன்று அதோடு கூடவே இருக்கட்டும். வயரும் பற்றரியும் நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டி ஒன்றை எங்கள் பக்கத்துச் சோதனையில் திறந்து காட்ட வேண்டி வந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

காத்திருக்கும் மாதங்களில் மோர்ஸ் படியுங்கள். புள்ளி கோடு என்று கண்ணால் மனப்பாடம் செய்ய வேண்டாம், போனில் செயலி ஒன்றைப் போட்டு, எழுத்தை வேகமாகவும் எழுத்துக்கு இடையில் இடைவெளி விட்டும் காதால் கேளுங்கள். நாளைக்கு இருபது நிமிடம் போதும், ஆனால் ஒரு நாளும் விடக்கூடாது.

3. ஓடரும் பொதியும்

அனுப்பும் கருவியை வெளிநாட்டிலிருந்து எடுக்க ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். கிட் என்பதால் அது வெறும் உதிரிச் சாமான் என்று நினைத்தேன். என் பொதி கொழும்பில் ஏழு கிழமை நின்றது, கூரியர் நிறுவனம் அதற்கும் சேர்த்துக் களஞ்சியக் கட்டணம் கேட்டது.

சரியான வரிசை இது: லைசன்ஸ், பிறகு இறக்குமதி அனுமதிக்கு விண்ணப்பம், அனுமதி வந்த பிறகு காசு கட்டுவது. விண்ணப்பத்தோடு கிட்டின் விலைச்சீட்டு, எந்த அலைவரிசையில் எத்தனை வாட் என்று காட்டும் பக்கம், லைசன்ஸ் பிரதி எல்லாம் வைத்தேன். விற்பவரிடம் சொல்லி, பொதியின் வெளியே ஒட்டும் சீட்டில் உண்மையான விலையையும் சாமானின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். விலை குறைத்து எழுதச் சொல்வது சிலரின் பழக்கம். பொதி திறக்கப்பட்டால் கஷ்டம் உங்களுக்குத்தான்.

நான் வாங்கியபோது கிட் 55 டொலர், பெட்டி 20 டொலர். அனுப்பும் கூலியும் வரியும் வேறு. பெட்டியைக் கட்டாயம் எடுங்கள். கடற்காற்றில் திறந்த பலகை நிற்காது.

4. கருவிக்கும் கிட் அளவு காசு வேண்டும்

என் கணக்குப் புத்தகத்தில் உள்ளபடி: சூடு மாற்றக்கூடிய சோல்டரிங் அயன் 6,500 ரூபாய், மல்டிமீற்றர் 3,500, 12 வோல்ட் 7 அம்பியர் மணி பற்றரி 6,800. ஈயம் 63/37 வகை, 0.8 மில்லிமீற்றர் பருமன். ரேடியேட்டர் ஒட்டும் பெரிய ஈயத்தையும் அமிலப் பசையையும் பலகைக்குப் பக்கத்தில் கொண்டுவரவே கூடாது, சில மாதத்தில் செம்பைத் தின்றுவிடும்.

லப்டொப் அடாப்டரில் ரேடியோவை ஓட்டலாம், ஆனால் பெரும்பாலான அடாப்டர் 7 மெகாஹேர்ட்ஸில் இரைந்துகொண்டே இருக்கும், கேட்க வேண்டியது அதற்குள் புதைந்து போகும். கரண்ட் போகும் நாட்களையும் நினைத்துப் பற்றரியே வாங்குங்கள்.

டம்மி லோட் இல்லாமல் தொடங்காதீர்கள். அன்ரெனாவுக்குப் பதிலாக நின்று சக்தியை வெப்பமாக்கும் சாமான் அது. 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் இருபதைப் பக்கம் பக்கமாக இணைத்தால் 50 ஓம், 10 வாட் தாங்கும். செலவு ஒரு சாப்பாட்டுப் பார்சல் அளவுக்கு வராது. கடையில் வெள்ளைச் சீமெந்துக் கட்டி மாதிரியான ரெசிஸ்டர் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அது உள்ளே கம்பிச் சுருள், இந்த வேலைக்கு உதவாது.

5. கட்டுவது

கையேட்டை ஒரு தடவை முழுக்க வாசித்த பிறகு சாமானை வெளியே எடுங்கள். முதல் தடவை கட்டுபவருக்கு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் என்று ஒரு கிழமை. அவசரப்பட்டு ஒரே இரவில் செய்ய வேண்டாம். காற்றாடியை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள், காற்று நேரே விழுந்தால் ஈயம் சரியாகப் பாயாது.

இந்தக் கிட்டில் ஆட்களைத் திணறடிப்பது டொரொயிட் என்ற சின்ன வளையங்களில் கம்பி சுற்றுவதுதான். அதில் மூன்று விஷயத்தில் ஏமாறுவார்கள்.

முதலாவது எண்ணிக்கை. கம்பி வளையத்தின் நடுத்துளை வழியே ஒரு தரம் போனாலே அது ஒரு சுற்று. வெளிப்பக்கத்தில் தெரியும் கோடுகளை எண்ணினால் ஒன்று குறையும். துளைக்குள் எத்தனை கம்பி போகிறது என்று உள்ளே பார்த்து எண்ணுங்கள், போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது லேசு.

இரண்டாவது, டி1 என்ற வளையம். அதில் ஒரு நீளச் சுருளும் மூன்று குட்டைச் சுருளும் ஒன்றாக இருக்கின்றன. எட்டு நுனி, எட்டு துளை. எல்லாவற்றையும் ஒரே திசையில் சுற்ற வேண்டும், எந்த நுனி எந்தத் துளைக்கு என்பதைக் கையேட்டுப் படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக நுழைக்க வேண்டும். இரண்டு நுனி மாறினால் ரேடியோ அனுப்பும், ஆனால் ஒன்றும் கேட்காது.

மூன்றாவதுதான் எனக்கு இரண்டு கிழமையைத் தின்றது. அந்தக் கம்பி வெறும் செம்பு அல்ல, மேலே இனாமல் பூச்சு இருக்கிறது. பார்த்தால் செம்பு மாதிரியே மினுங்கும். பூச்சுப் போகாமல் ஈயம் வைத்தால் வெளியே அழகான பொட்டாக நிற்கும், உள்ளே தொடர்பு இருக்காது. கடைசியில் ஆரையம்பதியில் டிவி பழுது பார்க்கும் அண்ணர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் ஐசியைத் திரும்பியும் பார்க்கவில்லை. கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுச் சுருளைப் பார்த்தார். "தம்பி, இதுல இனாமல் போகல்ல. ஈயம் பக்கத்துல நிக்குது, பிடிக்கல்ல" என்றார். பத்து நிமிடத்தில் கேட்கத் தொடங்கியது.

ஆகவே நுனியைப் பிளேட்டால் நாலு பக்கமும் சுரண்டுங்கள், அப்புறம் அயன் நுனியில் ஒரு துளி ஈயத்தை உருக்கி, அதற்குள் கம்பி நுனியைப் பத்து விநாடி வைத்திருங்கள். புகை வரும், பூச்சு எரிந்து கம்பி முழுக்க வெள்ளி நிறமாகும். அப்படி ஆன பிறகே துளைக்குள் விடுங்கள். ஒட்டி முடிந்ததும் ஒவ்வொரு சுருளின் இரண்டு நுனிக்கும் மல்டிமீற்றர் வைத்துப் பாருங்கள், பூச்சியம் ஓமுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும்.

6. முதல் தடவை கரண்ட் கொடுப்பது

பற்றரியின் சிவப்பு வயரில் 1 அம்பியர் பியூஸ் போடுங்கள். பவர் பிளக் 2.1 மில்லிமீற்றர், நடு ஊசி பிளஸ். மாட்ட முன் மீற்றரால் பார்த்து உறுதி செய்யுங்கள், வயர் நிறத்தை நம்ப வேண்டாம்.

மீற்றரை அம்பியரில் வைத்து பற்றரிக்கும் ரேடியோவுக்கும் நடுவில் கோத்து முதல் கரண்டைக் கொடுங்கள். கேட்கும் நிலையில் சுமார் 0.1 அம்பியர் அல்லது அதற்குக் குறைவாகக் காட்டும். அரை அம்பியரைத் தாண்டினால் உடனே கழற்றிவிட்டு, எங்காவது ஈயம் பாலம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

திரையில் வெளிச்சம் மட்டும் நின்று எழுத்து வராவிட்டால் பயப்பட வேண்டாம். கொன்ட்ராஸ்ட் திருகியை மெதுவாகத் திருப்புங்கள். இது பழுதென்று நினைத்துப் பலகையைக் கழற்றுபவர்கள் அதிகம்.

எழுத்து வந்ததும் மெனுவில் சீரமைப்புப் பகுதிக்குப் போங்கள். ரேடியோவே தனக்குள் ஒரு சிக்னலை உண்டாக்கித் தரும். சி1 என்ற திருகியைத் திருப்பி அது உச்சத்துக்கு வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். பிளாஸ்டிக் திருப்புளி பாவியுங்கள், இரும்பு பட்டால் அளவு மாறும். திருகியைக் கடைசி வரை திருப்பியும் உச்சம் வராவிட்டால் டி1 நீளச் சுருளின் எண்ணிக்கை பிழை.

7. அனுப்பிப் பார்ப்பது

டம்மி லோட்டை மாட்டாமல் கீயைத் தொட வேண்டாம். வெளியீட்டில் பிஎஸ்170 என்ற சின்ன ட்ரான்சிஸ்டர் மூன்று சேர்ந்து வேலை செய்கின்றன, சுமை இல்லாவிட்டால் சில விநாடியில் போய்விடும்.

ஒரு முறை மூன்று விநாடிக்கு மேல் அழுத்தாதீர்கள். மின்னோட்டம் அரை அம்பியர் அளவுக்கு ஏறும். சக்தியை அளக்க, டம்மி லோட்டின் மேல் ஒரு டயோடும் சின்னக் கொண்டன்சரும் வைத்து டிசி வோல்ட்டைப் பாருங்கள், அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி 100 ஆல் வகுத்தால் வாட். 22 வோல்ட் என்றால் கிட்டத்தட்ட 5 வாட். பற்றரி 12 வோல்ட்டில் நின்றால் 3 அல்லது 4 வாட் வருவது குறையல்ல, 13.8 வோல்ட் கொடுத்தால் ஏறும்.

கீ பிளக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. கேட்பதற்கு வைத்திருந்த பழைய மோனோ பிளக்கைக் கீக்குப் போட்டு, மெனுவை இரட்டைக் கீ முறையில் (புள்ளிக்கு ஒன்று, கோட்டுக்கு ஒன்று) விட்டால், மாட்டிய உடனே கோடு கோடாக அனுப்பத் தொடங்கிவிடும். ஸ்டீரியோ பிளக்கே பாவியுங்கள்.

8. பழுது வந்தால் தேடும் வரிசை

சாமானை மாற்றுவது கடைசி வேலை. முதலில் நல்ல வெளிச்சத்தில், உருப்பெருக்கிக் கண்ணாடியோடு, நீங்கள் ஈயம் வைத்த ஒவ்வொரு இடத்தையும் பாருங்கள். மங்கலாகவும் உருண்டையாகவும் இருப்பதை மறுபடி சூடாக்குங்கள். என்னோடது உட்பட நான் இதுவரை பார்த்த நாலு ரேடியோவிலும் பிழை கையால் ஒட்டிய இடத்தில்தான் இருந்தது.

*ஒன்றுமே கேட்கவில்லை, திரை வேலை செய்கிறது:* டி1 நுனிகள், இனாமல், பிறகு இரண்டு பலகையை இணைக்கும் ஊசிகள். இயர்போன் பிளக் முழுக்க உள்ளே போயிருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்பீக்கரை நேரே மாட்டிச் சத்தம் வரவில்லை என்று சொல்ல வேண்டாம், இது இயர்போனுக்குச் செய்தது.

*கேட்கிறது, ஆனால் மிக மெல்ல:* சீரமைப்பை மறுபடி செய்யுங்கள். அதன் பிறகும் அப்படியே என்றால் அன்ரெனா வயரைச் சந்தேகியுங்கள்.

*அனுப்பினால் சக்தி குறைவு:* எல்1, எல்2, எல்3 சுருள்களில் எண்ணிக்கையை மறுபடி எண்ணுங்கள். சரியாக இருந்தால் சுற்றுகளைக் கொஞ்சம் விரித்து விட்டுப் பாருங்கள், இண்டக்டன்ஸ் குறையும். நெருக்கினால் கூடும். ஒரு சுருளில் ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், அளந்து எழுதிவிட்டு அடுத்தது.

*அனுப்பினால் ஒன்றுமே வரவில்லை, அல்லது கீயை அழுத்திய உடனே பியூஸ் போகிறது:* பிஎஸ்170 போயிருக்கும். ரேடியோவை நிறுத்தி, அதன் டிரெய்ன், சோர்ஸ் என்ற இரண்டு கால்களுக்கும் இடையில் அளந்தால் பூச்சியம் காட்டும். ஒன்று போனாலும் மூன்றையும் மாற்றுங்கள். இங்கே கவனம்: கடையில் பிஎஸ்170 இல்லை என்று 2என்7000 தருவார்கள். உருவம் ஒன்றுதான், ஆனால் கால்களின் வரிசை தலைகீழ், தாங்கும் மின்னோட்டமும் குறைவு. கிட் ஓடர் போடும்போதே பிஎஸ்170 பத்து சேர்த்து எடுங்கள், பிறகு அதற்காக மட்டும் ஒரு பொதிக்குக் கூலி கட்ட வேண்டி வரும். ட்ரான்சிஸ்டரைத் தொட முன், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் போக, கையை இரும்புத் தண்ணீர்க் குழாயிலோ எர்த்திலோ வைத்துவிட்டுத் தொடுங்கள்.

9. அன்ரெனா

143 ஐ மெகாஹேர்ட்ஸால் வகுத்தால் அன்ரெனாக் கம்பியின் மொத்த நீளம் மீற்றரில் வரும். 7.03 என்றால் 20.3 மீற்றர், நடுவில் வெட்டி இரு பக்கமும் 10.15. அரை மீற்றர் கூட விட்டு வெட்டுங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். தென்னை இரண்டு இருந்தால் போதும். தூண்டில் சாமான் கடையில் நைலோன் நூலும் ஈயக் குண்டும் வாங்கி, நூலை மட்டை மேலால் எறிந்து, அதில் கட்டிக் கயிற்றை இழுப்பது மரம் ஏறுவதை விட லேசு. காற்றுக்கு மரம் ஆடும், கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டுங்கள். மின்சார லைன் இருக்கும் பக்கம் எறியவே வேண்டாம். கம்பி அறுந்து விழுந்தாலும் லைனைத் தொடாத தூரத்தில் கட்டுங்கள்.

ரேடியோவிலிருந்து அன்ரெனாவின் நடுவுக்குப் போகும் வயருக்கு ஆர்ஜி58 என்ற கோஅக்சியல் வயர் நல்லது. டிவி டிஷ் வயர் 75 ஓம், அதுவும் இந்த அன்ரெனாவோடு வேலை செய்யும், ஆனால் அதன் வலை பெரும்பாலும் அலுமினியம், ஈயம் பிடிக்காது, முறுக்கித் திருகாணியால் இறுக்க வேண்டும்.

10. உப்பும் இடியும்

கல்லடி, காத்தான்குடி, கல்முனை, திருக்கோவில் என்று கடலோரம் எங்கே இருந்தாலும் வெளியே இருக்கும் ஒவ்வொரு மூட்டும் ஒரு வருடத்தில் பச்சை பிடிக்கும். ஒட்டிய இடத்தில் சைக்கிள் ரியூபைக் கீற்றாக வெட்டி இழுத்துச் சுற்றி, மேலே டேப் போடுகிறேன், இரண்டு மாரி தாங்கியது. நவம்பரிலிருந்து ஜனவரி வரை ரேடியோவைச் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடி நமக்குத் தெரிந்ததுதான். பாவிக்காத நேரமெல்லாம் அன்ரெனா வயரைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். இடி தொடங்கிய பிறகு கழற்றப் போக வேண்டாம்.

11. போகிறதா என்று பார்ப்பது

ஆள் பதில் தராவிட்டால் ரேடியோ பழுதென்று முடிவெடுக்க வேண்டாம். 7.030 இல் உங்கள் குறியோடு மூன்று தடவை பொது அழைப்பு (சிகியூ) அனுப்பிவிட்டு, போனில் ரிவர்ஸ் பீக்கன் நெட்வேர்க்கைத் திறந்து உங்கள் குறியைத் தேடுங்கள். உலகம் முழுக்க தானாகக் கேட்டுப் பதியும் நிலையங்கள் அதில் இருக்கின்றன, ஒன்று கேட்டிருந்தாலும் எத்தனை டெசிபெல் என்று காட்டும். இருட்டின பிறகு முயற்சி செய்யுங்கள். காட்டிய நிலையத்தின் பெயர், அலைவரிசை, திகதி, நேரம் எல்லாவற்றையும் லொக் புத்தகத்தில் எழுதுங்கள், திகதியையும் நேரத்தையும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்: நம் மணிக்கூட்டிலிருந்து 5 மணித்தியாலம் 30 நிமிடம் குறைத்து.